இல்லாத இருநூற்று இருபது கிராம்

பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. என் மகளை உன் வீட்டில் வைத்துக்கொண்டு நீ நலமாகத்தான் இருப்பாய்.

போன் வேண்டாம், கடிதமாக எழுதுங்கள் என்று சொன்னவள் நீ. போன தடவை நாம் இருவரும் போனில் பதினோரு நிமிஷம் ஒரே நேரத்தில் பேசினோம், இரண்டு பேரும் எதையும் கேட்கவில்லை என்று உன் அண்ணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். சரி, கடிதமே எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

இருபத்தைந்து வயதுப் பெண். முந்திரியைக் கையில் அள்ளினாலே எந்தத் தரம் என்று சொல்லிவிடுவாள். நான் முப்பது வருஷத்தில் கற்றதை அவள் மூன்று வருஷத்தில் கற்றாள். அப்படிப்பட்டவள் கடையை விட்டுவிட்டு, "மலை மேல சைக்கிள் பந்தயம் இருக்கு, அத்தை எனக்கு சைக்கிள் செஞ்சு தராங்க" என்று நவம்பரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், பெற்றவன் பூங்கொத்தா கொடுப்பான்? கத்தினேன். அவள் திருப்பிக் கத்தினாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நீ அவளுக்கு அறை ஒழித்துக் கொடுத்தாய்.

கடையில் விற்கிற சைக்கிளே எட்டு கிலோவுக்குக் கிடைக்கிறதாமே. அது போதாதா? நான் எடை கூடினால் சந்தோஷப்படுகிற ஆள். நீங்கள் இரண்டு பேரும் எடை குறைந்தால் குதிக்கிறீர்கள். எந்த ஊர் வியாபாரம் இது?

உன் சமையலறைத் தராசு கெட்டுவிட்டதென்று உன் அண்ணி சொன்னாள். கடை முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேனே, தள்ளுவண்டிக் காலத்து எலெக்ட்ரானிக் தராசு, அதை அனுப்பியிருக்கிறேன். அதை வைத்து வியாபாரம் செய்துதான் உன்னைப் படிக்கவைத்தேன். ஒரு கிராம் பிசகாது. அவளுக்காகத்தான் அனுப்புகிறேன், உனக்காக இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணா,

தராசு வந்தது. உங்கள் மகள் பெட்டியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "இது கண்ணாடிக்குள்ள இருந்தது அத்தை, அப்பா யாரையும் தொடக்கூட விட மாட்டார்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். உங்களோடு பேசமாட்டாளே தவிர, தினமும் வேலை முடிந்ததும் அதைத் துடைத்துத் துணி போட்டு மூடுகிறவள் அவள்தான்.

எட்டு கிலோ போதாதா என்று கேட்டீர்கள். பத்தொன்பது கிலோமீட்டர் ஏற்றம், அண்ணா. எங்களுடையது நாலரை கிலோவுக்குள் நிற்கும். மூன்றரை கிலோ முந்திரியை முதுகில் கட்டிக்கொண்டு அந்த மலையில் ஏறிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

ஆஸ்பத்திரியில் நான் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். காலிழந்தவருக்கு நான் செய்து தருகிற கால் எழுநூறு கிராம்கூட இருக்காது. எண்பது கிலோ மனிதர் அதன்மேல் வருஷக்கணக்கில் நிற்பார். அதே கார்பன் துணிதான் இந்த சைக்கிளுக்கும். கூந்தலைப் பின்னிய மாதிரி கருப்பாக, வழுவழுவென்று இருக்கும். அடுக்கடுக்காகப் பசை தடவிச் சுற்றி, உறைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி, சூட்டில் வேகவைத்தால் இரும்பு வெட்கப்படும்.

போன வாரம் வெறும் ஃப்ரேமைத் தையல் நூலில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஒட்டுப் போட்ட இடங்களைப் பார்க்கலாம் என்று கிட்டே போனேன். அது மெல்லத் திரும்பியது. நான் தொடவில்லை. என் மூச்சுக்காற்று பட்டுத் திரும்புகிறது. நாற்பத்தொன்பது வயதில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன் அண்ணா, மூச்சு விட்டால் ஓடிவிடுமோ என்று.

இப்போது வேலை எப்படி நடக்கிறதென்றால், ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தரை உண்டு. இத்தனை கிராமுக்குக் கீழே போனால் தாங்காது என்று நான் போட்டு வைத்திருக்கிற அளவு. ஃப்ரேமுக்கு எழுநூறு, முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்குக்கு இருநூற்று அறுபது, ஹேண்டில்பாருக்கு நூறு. உங்கள் தராசில் வைப்பேன். கூடுதலாகக் காட்டினால் ஓர் அடுக்கைக் குறைத்து மறுபடி செய்வேன், இல்லையென்றால் உள்ளே கடைவேன். தரையைத் தொடும்வரை விடமாட்டேன். தொடலாம், தோண்டக்கூடாது. ஏறும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் ஏறினவள் இறங்கியாக வேண்டும். இறக்கத்தில் மணிக்கு எழுபது போகும்போது ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

ஃபோர்க்கை மூன்று தடவை செய்தேன். மூன்றாவது சரியாக இருநூற்று அறுபது காட்டியதும் இருவரும் கை தட்டினோம்.

ஒரே எரிச்சல், வெளியில் வாங்குகிற சாமான்கள். பல்சக்கரத்தின் பெட்டியில் எண்பத்தெட்டு கிராம் என்று அச்சடித்திருக்கிறான். தராசில் வைத்தால் தொண்ணூற்று மூன்று. செயினும் அப்படியே, சீட்டும் அப்படியே. உலகத்தில் விற்கிறவன் எல்லாம் பொய் சொல்கிறான், உங்களைத் தவிர.

தங்கை


பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

அந்தப் பழைய தராசை ஓரமாக வை. புதிது ஒன்று பார்சலில் வருகிறது, அரசு முத்திரை போட்டது. ஃப்ரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், எல்லாவற்றையும் அதில் ஒருதரம் வைத்துப் பார். ஏன் என்று கேட்காதே. பழசு பழசுதான், இத்தனை வருஷம் கண்ணாடிக்குள் கிடந்தது, உள்ளே என்ன ஆனதோ.

அந்தப் பல்சக்கரக் கம்பெனிக்காரனைத் திட்டாதே. எல்லோரையும் திட்டுவது நல்ல பழக்கமில்லை.

உடனே வைத்துப் பார். இங்கே வேலை தலைக்குமேல் இருக்கிறது, அதனால் இவ்வளவுதான்.

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணா,

புதுத் தராசு திரும்பி வருகிறது. கோபப்படாதீர்கள். உங்கள் மகள் பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. "அப்பா முதல்ல ஒண்ணைக் குடுப்பார். அப்புறம் இதைவிட நல்லது வெச்சிருக்கேன்னு வருவார். அதை வாங்கிக்கிட்டா மூணாவதா 'வீட்டுக்கு வா'ன்னு வரும். எத்தனை கஸ்டமரை இப்படி மடக்கினதைப் பார்த்திருக்கேன்!" என்கிறாள். நீங்கள் வளர்த்த பிள்ளை, நான் என்ன சொல்ல?

எனக்கும் மாற்ற மனசில்லை. செய்து முடித்ததை வேறு தராசில் வைத்தால் எல்லாம் குழம்பும். அதோடு, நீங்கள் வெயிலில் வண்டி தள்ளிய காலத்தில் ஒரு கிராம்கூடப் பிசகாமல் நிறுத்த தராசு. அதைவிட எதை நம்புவேன்?

சைக்கிள் முழுசாகிவிட்டது. போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசித் திருகை முடுக்கி மொத்தமாகத் தூக்கி வைத்தேன். நாலு கிலோ நானூறு! சக்கரம், செயின், பிரேக், பெடல், எல்லாம் சேர்த்து! பெயின்ட் அடிக்கவில்லை, அதற்கும் எடை உண்டு. வெயிலில் நிறுத்தினால் அதன் நிழல்தான் அதைவிடக் கனமாகத் தெரிகிறது. உங்கள் மகள் சுண்டு விரலில் மாட்டித் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். எதிரே வந்த பக்கத்து வீட்டு வாத்தியார், "இது ஓட்டறதுக்கா, மாட்டறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, தானும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு பேசாமல் போய்விட்டார். அந்த மனிதர் பேசாமல் போய் நான் பார்த்ததே இல்லை.

சமதளத்தில் மூன்று நாளாக ஓட்டுகிறாள். வரும் ஞாயிறு காலையில் முதல் தடவையாக மலைக்கு. முழுசாக ஏறி, முழுசாக இறங்கப் போகிறாள்.

தங்கை


மார்ச் 2

தங்கச்சி,

இதைக் கொண்டு வருகிறவர் நம் லாரி டிரைவர். நீ படித்து முடிக்கும்வரை கேட்டைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் சைக்கிளில் ஏறியிருந்தால் முதலில் அவளை இறக்கு. பிறகு படி.

உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அவள் போனில் நவம்பரிலிருந்து என் நம்பருக்குத் தடை. "தராசு தப்பு, ஓட்டாதே" என்று உனக்கு ஒரு வரி அடித்தேன். அனுப்பப் போகும்போது யோசித்தேன். நீ அவளிடம் காட்டுவாய், அப்பாவின் அடுத்த தந்திரம் என்று சிரித்துவிட்டு மலைக்குப் போவாள். பாதி சொன்னால் நம்பமாட்டாள். அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

தராசு கெட்டுப்போகவில்லை. நான்தான் கெடுத்தேன்.

தள்ளுவண்டி போட்ட முதல் வருஷம் ஒரு கிலோ எடைக்கல்லை அரத்தால் ராவினேன். அடிப்பக்கமாக, ஐம்பது கிராம். தெரியாமலிருக்க மேலே வண்ணம் பூசினேன். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஒரு கிலோ என்றால் என்னவென்று ஆரம்பத்தில் கற்றுக்கொடுக்க வேண்டும், கல்லை வைத்துப் பொத்தானை அமுக்கினால் அதையே பிடித்துக்கொள்ளும். நான் ராவின கல்லை வைத்துக் கற்றுக்கொடுத்தேன். பாவம், அதற்கென்ன தெரியும், நம்பிவிட்டது. தொள்ளாயிரத்து ஐம்பதை ஆயிரம் என்று காட்டும். மூன்று வருஷம் அதில் விற்றேன். கடை வைத்த பிறகு முத்திரைத் தராசு வாங்கினேன், அதன்பின் ஒரு கிராமில்கூடக் கை வைக்கவில்லை. இதைக் கண்ணாடிக்குள் வைத்தேன். வருகிறவர்களிடம் "நேர்மையா நிறுத்தேன், இன்னைக்கு இங்க நிக்கறேன்" என்று சொன்னேன். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோனது. நிஜமாகவே மறந்துபோனது, இல்லையென்றால் அதை உனக்கு அனுப்புவேனா?

எண்பத்தெட்டு தொண்ணூற்று மூன்றாகக் காட்டுகிறது என்று நீ எழுதினாய் பார், அந்த வரியில் எனக்குக் கை ஓடவில்லை. பல்சக்கரக்காரன் யோக்கியன். பொய்யன் நான்.

உனக்குப் புரிந்திருக்கும். அது நூறு என்று காட்டிய ஹேண்டில்பார் தொண்ணூற்றைந்துதான். ஃபோர்க் இருநூற்று நாற்பத்தேழு. ஃப்ரேம் அறுநூற்று அறுபத்தைந்து. நீ தரையைத் தொட்டதாக நினைத்துத் தோண்டியிருக்கிறாய். என்னால்.

அவளிடம் நீயே படித்துக் காட்டு. என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, கீழே இறங்கி நின்று நினைக்கட்டும்.

அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

டிரைவர் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்தார். அவள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வாசலில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள். "படிச்சு முடிங்கம்மா, அதுவரைக்கும் வண்டியை எடுக்கக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு" என்று அவர் கேட்டுக்குக் குறுக்கே நின்றார். சத்தமாகவே படித்தேன். எடைக்கல் வரும் இடத்தில் அவர் ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், நல்ல மனிதர். நான் முடித்ததும் அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "அத்தை, இதை எழுத அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

என் பங்குக்கு நான் சொல்கிறேன். ஐம்பது கிராமை மன்னித்துவிட்டேன். அதில் நானும் சாப்பிட்டிருக்கிறேன், படித்திருக்கிறேன், உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. ஆனால் பதினேழாம் தேதியே உங்களுக்குத் தெரியும். "ஏன் என்று கேட்காதே" என்று எழுதிவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தீர்கள். அந்த நாட்களில் அவள் அந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியிருக்கிறாள். அதை மன்னிக்க இன்னும் முடியவில்லை. முடியும்போது எழுதுகிறேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிப் பட்டறையில் செயற்கைக் கால்களைச் சோதிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. காலை அதில் மாட்டிவிட்டால் ராப்பகலாக அழுத்தும், விடும், அழுத்தும், விடும். லட்சம் தடவை ஆனாலும் அலுக்காது. அதற்கு மாமியார் என்று பெயர். தலைமை டாக்டரிடம் அனுமதி வாங்கி, சைக்கிளைப் பிரித்து ஒவ்வொன்றாக மாமியாரிடம் ஒப்படைத்தேன். உங்கள் மகள் நாற்பத்தேழு கிலோ, நான் அதைப்போல மூன்று மடங்கு பாரம் வைத்தேன்.

முதலில் ஹேண்டில்பார். முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சத்தில் டிக் என்று ஒரு சத்தம். நகம் வெட்டுகிற மாதிரி, அவ்வளவு சின்னது. கழற்றிப் பார்த்தேன், நடுவில் மயிரிழை விரிசல். அவளிடம் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்து ஃபோர்க். இருநூற்று நாற்பத்தேழு கிராம், நான் போட்ட அளவுக்குப் பதிமூன்று குறைவு. ஐம்பதாயிரம் தாண்டியது. லட்சம் தாண்டியது. நாங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டோம். இரண்டு லட்சத்தில் நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு கீறலில்லை. ஃப்ரேமும் அப்படித்தான்.

என் கையால் செய்தது, என் கணக்கில் தாங்கக்கூடாதது, தாங்கியிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக இந்தத் துணியை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை, அண்ணா. அதன் உண்மையான தரை நான் நினைத்ததைவிடக் கீழே எங்கேயோ இருக்கிறது. உங்கள் பொய் இல்லாவிட்டால் அந்த ஆழத்துக்கு நான் போயிருக்கவே மாட்டேன். இதை நன்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெஷினில் மாட்டுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரித் தராசில் முழு சைக்கிளையும் வைத்திருந்தேன். நாலு கிலோ நூற்றெண்பது. நாங்கள் கட்டியதாக நினைத்ததில் இருநூற்று இருபது கிராம் இல்லவே இல்லை. புது ஹேண்டில்பாரை நூற்று நாலில் செய்து மாமியாரிடம் இரண்டு லட்சம் வாங்கினேன். இப்போது மொத்தம் நாலு கிலோ நூற்று எண்பத்தொன்பது.

பந்தயம் ஏப்ரல் இருபது. அன்றைக்கு எனக்கு வர வழியில்லை. ஒன்பது மாதமாகப் படுக்கையில் இருந்தவருக்கு அன்றுதான் கால் மாட்டி முதல் அடி வைக்கவைக்கிறோம், நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். "மலை உச்சிக்கு யார் வேணா வரலாம், ரோடு பொதுதானே" என்றாள் உங்கள் மகள். யாரை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

உன் ஆள் நடந்தாரா? பதில் எழுதும்போது அதை முதலில் எழுது.

போனிலேயே சொல்லியிருக்கலாம், நீ நடுவில் நடுவில் கேட்பாய். இதை நான் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

பொது ரோடு என்பதால் போனேன். உச்சியில் கயிறு கட்டியிருந்தார்கள், கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். வளைவில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் சைக்கிளோடு மல்லுக்கட்டி, வாயைத் திறந்துகொண்டு, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு வந்தார்கள். ஆறாவதாக இவள். எனக்கு முதலில் சைக்கிளே தெரியவில்லை. கருப்பாக ஒரு கோடு, அதன்மேல் என் மகள். எழுந்து நின்று மிதிக்கிறாள், அது அவளுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர், "அந்தப் பொண்ணு சும்மா காத்துல நடந்து வருது பாருங்க" என்றார். "என் பொண்ணு" என்று சொல்ல வாய் வந்தது. கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆறாவது இடம்தான். மெடல் மூன்று பேருக்கு மட்டும். ஐம்பத்தெட்டு நிமிஷம், ஒரு மணி நேரத்துக்குள் ஏறுவேன் என்றிருந்தாளாமே, ஏறிவிட்டாள்.

தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். என்னைப் பார்த்தாள். "அப்பா, இதைக் கொஞ்சம் பிடிங்க, தண்ணி குடிக்கணும்" என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. நான் குனிந்து, ஒரு சைக்கிளைத் தூக்குகிற பலத்தை எடுத்துத் தூக்கினேன். கை தலைக்குமேல் போய்விட்டது. தடுமாறிப் பின்னால் நின்றவர் காலை மிதித்துவிட்டேன். பன்னிரண்டு வயதிலிருந்து மூட்டை தூக்கியவன் நான், தங்கச்சி. எந்தப் பொருளைப் பார்த்தாலும் எத்தனை கிலோ என்று என் தோளுக்கே தெரியும். அந்தத் தோள் ஏமாந்தது. அதைத் தலைக்குமேல் பிடித்தபடி அப்படியே நின்றேன். இறக்கத் தோன்றவில்லை. சுற்றி நின்றவர்கள் போட்டோ எடுத்தார்கள், எதற்கென்று எனக்கு உறைக்கவில்லை. நீ மூச்சை அடக்கி நின்றதாக எழுதினாயே, அப்போது எனக்கு அது அளப்பாகத் தெரிந்தது. இப்போது இல்லை.

மெதுவாகக் கேட்டேன், "கீழ கார்ல போயிடலாமா? சைக்கிளைப் பின்னாடி போட்டுக்கலாம்."

"இல்லப்பா, ஓட்டிட்டு இறங்கப் போறேன்."

"பயமா இல்லையா?"

"அத்தை இரண்டு லட்சம் தடவை அழுத்திப் பார்த்துட்டாங்க. நீங்களும் உள்ளதைச் சொல்லிட்டீங்க. இன்னும் பயப்பட என்ன இருக்கு? உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பின்னாடியே வாங்க. ஹாரன் மட்டும் அடிக்காதீங்க."

ரோட்டைத் திறந்ததும் இறங்கினோம். காரை நம் டிரைவர் ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில். அவள் முன்னால். முதுகைத் தாழ்த்தி, முகத்தை ஹேண்டில்பார் மேல் வைத்துக்கொண்டாள். காரின் முள் அறுபத்தெட்டு காட்டியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. வளைவுக்கு வளைவு அவள் சாய்கிறாள், அது சாய்கிறது, நிமிர்கிறாள், நிமிர்கிறது. ஒரு பொட்டு நடுக்கம் இல்லை. நாலு கிலோ சில்லறை, அதற்கும் ரோட்டுக்கும் நடுவில் விரல் அகல டயர். அதற்குமேல் நான் பெற்ற மொத்தமும். டிரைவர் முணுமுணுத்தார், "முதலாளி, நான் எத்தனையோ வண்டி பார்த்துட்டேன், இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்ததில்லை." வாய் ஓயாத உன் அண்ணன் பத்தொன்பது கிலோமீட்டரும் பேசவில்லை.

கீழே வந்து நின்றாள். நான் கதவைத் திறந்து இறங்கினேன், வலது கால் ஊன்ற முடியவில்லை. அப்போதுதான் புரிந்தது. மலை உச்சியிலிருந்து நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

நொண்டிக்கொண்டு வந்த என்னை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துபோனது. அதே இடத்தில் சைக்கிளைப் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

அண்ணன்